பால்மரமும் பனிச்சாலையும்

புதுச்சேரியில் ‘பனி’ என்றால், மார்கழிக் காலையில் கடற்கரைச் சாலையில் குல்லா போட்டுக்கொண்டு நடப்பவர்களைத் தும்ம வைக்கும் சமாச்சாரம். லியோனிலிருந்து என் சித்தி மகன் போனில் “ரோட்டெல்லாம் பனி, வண்டி வழுக்குது ஆயா” என்றால், ஆயா “ஹெட்லைட்டப் போட்டுக்கிட்டு மெதுவா போப்பா” என்பார். அவர் மனதில் இருப்பது கண்ணை மறைக்கும் மூடுபனி. அவன் சொல்வது காலுக்குக் கீழே இருப்பது. பிரெஞ்சில் வானத்திலிருந்து விழுவது ‘நேஜ்’, இலையில் வெள்ளையாகப் பூப்பது ‘ழிவ்ர்’, தார்ச்சாலையில் கண்ணுக்குத் தெரியாமல் கண்ணாடிபோலப் படிவது ‘வெர்க்லா’. மூன்றுக்கும் நம்மிடம் புழக்கத்தில் இருப்பது ஒரே சொல்தான். வண்டி ஓட்டுகிறவனுக்கு இந்த மூன்றும் மூன்று வேறு சாலைகள்.

அவன் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தான். மலைப்பக்கம் போக வேண்டுமானால் பனிக்கால டயர் கட்டாயம் என்று அங்கே சட்டம். இருக்கிற டயர் போதுமா, மாற்ற வேண்டுமா என்று என்னிடம் கேட்டான். நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் நம் குடும்பங்களில் எஞ்சினியரிங் படித்தவன் என்றால் மிக்ஸி முதல் மோட்டார் பம்ப் வரை அவன்தான் பதில் சொல்லியாக வேண்டும். சரி என்று படிக்க உட்கார்ந்தேன். டயரின் வரலாற்றைத் தொட்டதும் அது பின்லாந்துக்குப் போனது, இமயமலைக்குப் போனது, கடைசியில் மலாயா தோட்டங்களுக்கும் சைகோனுக்கும் போய் நின்றது. நம் ஆட்கள் இல்லாத இடமே அதில் இல்லை.

முதலில் கார் ஏன் வழுக்குகிறது என்பதைப் பார்த்துவிடலாம். அதற்குப் புதுச்சேரியிலேயே நல்ல உதாரணம் உண்டு: பிரெஞ்சுக்காரர் காலத்து ‘புஸ்புஸ்’ வண்டி. துரையோ துரைசாணியோ உள்ளே உட்கார்ந்து முன்சக்கரத்தின் கைப்பிடியைப் பிடித்துத் திருப்புவார்கள். பின்னாலிருந்து ஆள் தள்ளுவார். பழைய புகைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். திசை முன்னால், பலம் பின்னால். காய்ந்த செம்மண் தெருவில் இதில் தொல்லை இல்லை. அதே வண்டியை எண்ணெய் கொட்டிய தரையில் தள்ளுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரம் திரும்பும், வண்டி திரும்பாது. நேரே போய்ச் சுவரில் முட்டும். தள்ளுகிறவர் கொஞ்சம் பக்கவாட்டில் அழுத்திவிட்டால் பின்பக்கம் சுழன்று முன்னால் வந்துவிடும். கார்க்காரர்கள் முதலாவதை அண்டர்ஸ்டீர் என்றும் இரண்டாவதை ஓவர்ஸ்டீர் என்றும் சொல்கிறார்கள். நம் அம்பாசடர் உட்பட, பின்சக்கரத்துக்குப் பலம் தரும் பழைய கார்கள் எல்லாமே பெட்ரோல் ஊற்றிய புஸ்புஸ் வண்டிகள்தான்.

திருப்புவது, முடுக்குவது, நிறுத்துவது மூன்றுக்கும் ஒரு காருக்கு இருப்பது தரையைத் தொடும் நான்கு உள்ளங்கை அகல ரப்பர்த் துண்டுகள் மட்டுமே. உராய்வு எண் காய்ந்த தாரில் சுமார் 0.8. அழுந்திய வெண்பனியில் 0.2, 0.3 என்று இறங்கும். ஈரமான பனிக்கட்டியில் 0.1 கிடைத்தாலே பெரிது. பிளஸ் டூ இயற்பியல் கணக்குதான்: 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் பிரேக் பிடித்தால் காய்ந்த சாலையில் சுமார் 12 மீட்டரில் நிற்கும். வெண்பனியில் 40 மீட்டர். பனிக்கட்டியில் கிட்டத்தட்ட 100 மீட்டர்.  ஏபிஎஸ் இருக்கிறது, நாலு சக்கரத்துக்கும் பலம் போகிறது என்பதெல்லாம் இந்தக் கணக்கை அதிகம் மாற்றாது. நாலு சக்கர இழுவை கிளம்புவதற்கு உதவும். நிற்பதற்கு எல்லாக் காரிலும் ஏற்கனவே நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது. பனிச்சாலைப் பள்ளத்தில் கிடப்பவற்றில் பெரிய ஜீப் வகைகளும் இருப்பது இதனால்தான். கிளம்பும்போது கிடைத்த தைரியம் நிறுத்தும்போது கைகொடுப்பதில்லை.

ஆரம்பத்தில் மனிதன் கண்ட வழி சங்கிலி. அமெரிக்காவில் ஹாரி வீட் என்பவர் 1904-இல் டயர் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். சேற்றில் மாட்டிய வண்டிக்காரர்கள் சக்கரத்தில் கயிற்றையும் கொடியையும் சுற்றுவதைப் பார்த்து வந்த யோசனை அது. இன்றும் மணாலியில் சாலையோரம் வாடகைக்குக் கிடைப்பது அதே சங்கிலிதான். 2020-இல் அடல் சுரங்கம் திறந்த பிறகு நம் ஊர்க் குடும்பங்கள் டெம்போ டிராவலரில் கூட்டமாகப் போய் பனி பார்க்கின்றன. அங்கே உள்ளூர் ஓட்டுநர் இறங்கிச் சங்கிலி மாட்டும் பத்து நிமிடத்தில் நம்மவர்கள் செல்ஃபி எடுக்கிறார்கள். அந்தச் சங்கிலி இல்லாவிட்டால் பனிநாளில் போலீஸ் மேலே விடுவதில்லை.

சக்கரமே வேண்டாம், சக்கரத்தைச் சுற்றி ரப்பர்ப் பட்டை போட்டால் என்ன என்று யோசித்தவர் அடால்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர். ரஷ்ய ஜார் இரண்டாம் நிக்கோலாஸின் மோட்டார் கொட்டகையில் வேலை. ஜாருக்குப் பனிக்காலத்திலும் காரில் போக வேண்டும். கெக்ரெஸ் பின்சக்கரங்களுக்குப் பதில் ரப்பர்ப் பட்டையையும் முன்னால் சறுக்குக் கட்டைகளையும் மாட்டிக் கொடுத்தார். புரட்சி வந்தது, ஜார் போனார், பட்டை போகவில்லை. அதே முறையில் மாற்றிய ரோல்ஸ் ராய்ஸில் லெனின் போனார். கெக்ரெஸ் பிரான்ஸுக்குத் திரும்பி ஆந்த்ரே சித்ரோயனிடம் சேர்ந்தார்.

சித்ரோயனுக்கு விளம்பரப் பைத்தியம். ஈஃபில் கோபுரத்தில் தன் பெயரை விளக்கால் எழுதியவர். கெக்ரெஸின் பட்டை வண்டிகளைச் சகாராவைக் கடக்க அனுப்பினார். பிறகு 1931-இல் பெய்ரூட்டிலிருந்து பீக்கிங் வரை ஒரு பயணம். ‘மஞ்சள் பயணம்’ என்று பெயர். ழோர்ழ் மாரி ஆர்ட் தலைமை தாங்கினார். ஸ்ரீநகரிலிருந்து கில்கித் நோக்கி கோவேறு கழுதைப் பாதையில் பட்டை வண்டிகள் ஏறின. பாதை இடிந்த இடங்களில் வண்டியைக் கழற்றிச் சுமைகூலிகள் தூக்கிப் போனார்கள். இரண்டு வண்டிகள் மட்டுமே கில்கித்தை எட்டின. அதற்குமேல் போனது மனிதர்களும் குதிரைகளும். வண்டி இமயத்தைக் கடந்தது என்று பாரிஸ் பத்திரிகைகள் எழுதின. வண்டியைத் தூக்கியவர்களும் கடந்தார்கள் என்பது அடிக்குறிப்பில் வந்திருந்தாலே அதிகம்.

இதே மலையில் நமக்கும் ஒரு அத்தியாயம் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். 1948-இல் சோஜி லா கணவாயைத் திறக்க ஜெனரல் திம்மய்யா டாங்கிகளை மேலே கொண்டுபோக முடிவு செய்தார். டாங்கி போக அங்கே பாதை இல்லை. கோவேறு கழுதைத் தடத்தை அகலப்படுத்தி டாங்கிப் பாதையாக்கியது மேஜர் தங்கராஜு தலைமையில் இருந்த மதராஸ் சாப்பர்ஸ். வெயிலில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், 11,500 அடி உயரத்தில், குண்டுகளுக்கு நடுவே. நவம்பர் 1-ஆம் தேதி 7-ஆம் லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள் கணவாயைக் கடந்தன. ஆர்ட்டின் பயணத்துக்கு எத்தனை புத்தகங்கள், படங்கள்! இதற்கு நம் பாடநூலில் ஒரு வரி கிடையாது.

சித்ரோயனிடம் திரும்புவோம். 1934-இல் அவர் முன்சக்கர இழுவை கொண்ட ‘த்ராக்சியோன் ஆவான்’ காரைக் கொண்டுவந்தார். தள்ளுகிற புஸ்புஸ் வண்டியை இழுக்கிற மாட்டுவண்டியாக மாற்றியதுபோல. எஞ்சினின் எடை, இழுக்கிற சக்கரத்தின் மேலேயே உட்காருகிறது. வழுக்குத் தரையில் கிளம்ப அது பெரிய உதவி. இன்று நம் தெருவில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை இந்த முறைதான். ஆனால் அந்தக் காரை உருவாக்கிய செலவில் சித்ரோயன் அதே ஆண்டு திவாலானார். அவருக்கு அதிகம் கடன் கொடுத்திருந்தது டயர் சப்ளை செய்த மிஷ்லேன். கடனுக்காகக் கம்பெனி டயர்க்காரர் கைக்குப் போனது. நம் ஊரில் வட்டிக்காரர் வீட்டை எழுதி வாங்குவதுபோலத்தான்.

அதே 1934-இல், மிஷ்லேனுக்குச் சம்பந்தமில்லாமல், பின்லாந்தில் ஒரு ரப்பர்க் கம்பெனி லாரிகளுக்கென்று ‘கெலிரெங்காஸ்’ என்ற டயரை வெளியிட்டது. காலநிலை டயர் என்று அர்த்தம் சொல்லலாம். பனிக்காலத்துக்கென்றே செய்த முதல் டயர் என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். 1936-இல் கார்களுக்கான ‘ஹக்கபெலீட்டா’ வந்தது. அந்தப் பெயரில் இன்றும் டயர் விற்கிறது. பெரிய இடைவெளிகள் விட்டுக் குறுக்காக ஓடும் தடித்த கட்டைகள்தான் அதன் ரகசியம். பனி அந்த இடைவெளிக்குள் போய் அமுங்கும். பனியோடு பனி நன்றாக ஒட்டும் என்பது பனிப்பந்து உருட்டிய குழந்தைக்குத் தெரியும். ஆகவே டயர் தன் பள்ளங்களில் பனியை நிரப்பிக்கொண்டு, அந்தப் பனியால் சாலைப் பனியைப் பிடிக்கிறது. நம் சாலைக்குச் செய்த டயர் பள்ளத்தில் சேறோ தண்ணீரோ தங்கக் கூடாது. பின்லாந்து டயர் பள்ளத்தில் பனி தங்கியே ஆக வேண்டும்.

இதோடு நூலிழை மாதிரி மெல்லிய வெட்டுகளும் சேர்ந்தன. ‘சைப்’ என்று பெயர். 1923-இல் ஜான் சைப் என்பவர் வாங்கிய காப்புரிமை. இறைச்சிக்கூடத்தின் ஈரத் தரையில் வழுக்காமல் இருக்கச் செருப்பின் அடியில் கத்தியால் கீறிக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ இல்லையோ, வேலை செய்கிறவன் காலிலிருந்து வந்த யோசனை என்பது நம்பும்படி இருக்கிறது.

கவனியுங்கள், 1934-இல் எல்லா டயரும் ஒரே பொருளால் ஆனவை: மரத்துப் பால். பனிக்கால டயருக்கும் கோடைக் கால டயருக்கும் செதுக்கலில்தான் வித்தியாசம், சதையில் இல்லை. சதையும் மாறியது பிறகுதான். அது எப்படி மாறியது என்பதில்தான் நம் கதை இருக்கிறது.

1876-இல் ஹென்றி விக்கம் அமேசான் கரையிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை 2,700 சொச்சம். அவற்றில் பெரும்பங்கு கப்பலேறி இலங்கைக்கு வந்தது. பிறகு சிங்கப்பூர், மலாயா. மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை சிங்கப்பூரில் ரிட்லி கண்டுபிடித்தார். கார் வந்தது, டயர் வந்தது, காடு தோட்டமானது. ஆள்? தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு, நம்மைச் சுற்றியிருக்கும் தென்னார்க்காடு. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களை முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், 1910-இல் அந்த முறை ஒழிந்தபின் கங்காணிகள் வழியாகவும் கொண்டுபோனார்கள். மலாயாத் தமிழில் அந்த மரத்துக்குப் பெயர் பால்மரம். வேலைக்குப் பெயர் பால் வெட்டு. மங்கில் உறைந்து கிடப்பது கட்டிப்பால். ஒரு மரத்துக்கும் தொழிலுக்கும் இவ்வளவு இயல்பான தமிழ்ச் சொற்கள் உருவாக எத்தனை தலைமுறை அந்த இருட்டில் நின்றிருக்க வேண்டும்! அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ என்று நாவல் எழுதியபோது இந்தியாவில் படித்தவர்களுக்கு அது எந்த மரம் என்றே பலருக்குத் தெரிந்திருக்காது.

இது ஆங்கிலேயர் பக்கம். பிரெஞ்சுப் பக்கம்தான் புதுச்சேரிக்காரனான எனக்கு முள்ளாகக் குத்துவது. மிஷ்லேனின் பால்மரங்கள் மலாயாவில் அல்ல, இந்தோசீனாவில், இன்றைய தெற்கு வியட்நாமில் இருந்தன. ஃபூ ரியெங், தௌ தியெங் என்பவை பெரிய தோட்டங்கள். வடக்கே தொங்கினிலிருந்து ஏழை விவசாயிகளை ஒப்பந்தத்தில் ஏற்றிவந்தார்கள். மலேரியா, அடி, பட்டினி. 1929-இல் கூலி ஆள்பிடிப்பு நடத்திய பஸேன் ஹனோயில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1930-இன் தொடக்கத்தில் ஃபூ ரியெங் தொழிலாளர்கள் தோட்டத்தையே கைப்பற்றி வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் ஒருவரான த்ரன் து பின் பிறகு அதை நினைவுக்குறிப்பாகச் சொல்லி வைத்தார்.

அதே சமயத்தில் சைகோனில் நம் ஆட்கள் இருந்தார்கள். 1881 ஆணைப்படி சாதி, மத வழக்குச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் இந்தோசீனாவில் பிரெஞ்சுக் குடிமக்களாகவே போய் இறங்கினார்கள். வரி வசூல், போலீஸ், எழுத்தர் வேலை. ஓட்டுரிமையும் இருந்தது. செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்தார்கள், காரைக்கால் முஸ்லிம்கள் துணிக்கடை. மாரியம்மன் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. அதாவது மலாயாவில் பால்மரத்துக்குக் கீழே நின்றவன் தமிழன். சைகோனில் அந்த அரசின் தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்றவனும் தமிழன். பின்னவரை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சைகோன் தாத்தா என்று வீட்டில் படம் மாட்டுகிறோம். படத்தை இறக்கச் சொல்லவில்லை. அவர் வசூலித்த வரி யாருடையது என்றும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம் என்கிறேன்.

1942-இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்தது. உலகின் இயற்கை ரப்பரில் மிகப் பெரும்பகுதி ஒரே அடியில் நேச நாடுகளின் கையை விட்டுப் போனது. அமெரிக்கா அவசர அவசரமாக ஸ்டைரீனும் பியூட்டடையீனும் சேர்த்துச் செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டியது. ஜெர்மனி ஏற்கனவே ‘பூனா’ என்று அதைச் செய்துகொண்டிருந்தது. வேதியியல் பாடத்தில் இதை மனித மூளையின் வெற்றி என்று படித்தோம். வெற்றிதான். மறுபக்கத்தில், பால் வாங்க ஆளில்லாமல் தோட்டங்களில் வேலையும் சோறும் இல்லாமல் நின்ற தமிழர்களை ஜப்பானியர்கள் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. ‘சயாம் மரண ரயில்’ என்று மலேசியத் தமிழில் அதற்குப் பெயரே இருக்கிறது. செத்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோருக்குக் குழி இருந்த இடமே தெரியாது.

போர் முடிந்தது, செயற்கை ரப்பர் போகவில்லை. கார் டயரின் மேல்தோலில் அது நிலையாக உட்கார்ந்துகொண்டது. காரணம் விலை மட்டுமல்ல, குணமும்தான். ரப்பர் என்பது நீண்ட மூலக்கூறுச் சரங்களின் சிக்கல். குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே அந்தச் சரங்கள் அசைவதை நிறுத்தி, பொருள் கண்ணாடிபோல விறைத்துவிடும். பால்மர ரப்பருக்கு அந்த எல்லை சுமார் மைனஸ் 70 டிகிரி. ஸ்டைரீன் சேர்ந்த ரப்பருக்கு எல்லை அதைவிட மேலே. ஸ்டைரீன் கூடக்கூட இன்னும் மேலே வரும். எல்லைக்குச் சற்று அருகில் இருக்கும்போதுதான் ரப்பர் அதிகமாகத் தேய்ந்து, அதிகமாக ஆற்றலை விழுங்கி, ஈரச் சாலையை நன்றாகப் பிடிக்கும். ஆகவே வெயில் நாட்டுக்கும் கோடை மழைக்கும் அந்த ரப்பர் அருமை.

“அப்படியென்றால் மைனஸ் 5-இல் என்ன கெட்டுப் போகும், எல்லை இன்னும் தூரத்தில்தானே?” என்று கேட்கலாம். இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம். சாலையின் பொடிக் கற்கள் டயரை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை, லட்சக்கணக்கான முறை குத்துகின்றன. அவ்வளவு வேகமான குத்துக்கு ரப்பர் மெதுவாக எதிர்வினை செய்தால், விறைத்ததற்குச் சமம். குளிரும் வேகமும் ரப்பருக்கு ஒன்றுதான். அதனால் கோடை டயர், விறைக்கும் எல்லைக்கு வெகு முன்பே, 7 டிகிரி வாக்கிலேயே பிடிமானத்தை இழக்கத் தொடங்குகிறது என்பது டயர்க்காரர்களின் கட்டைவிரல் கணக்கு. பனி பெய்ய வேண்டும் என்றுகூட இல்லை. குளிர்ந்த காய்ந்த சாலையே போதும்.

குளிருக்கு வேறு கலவை வேண்டும் என்றானபோது கம்பெனிகள் எதைக் கூட்டின? பியூட்டடையீன் ரப்பரை, சிலிக்காவை. கூடவே பால்மரத்தை. இன்றும் பனிக்கால டயரின் மேல்தோலில் கோடை டயரைவிட இயற்கை ரப்பரின் பங்கு கூடுதலாகவே இருக்கும். பனியையே பார்க்காத வெப்பமண்டல மரம், மைனஸ் 20-இலும் விறைக்காமல் இருக்கிறது. அமேசான் மரத்துக்கு அந்தக் குணம் எதற்கு என்று தெரியாது. பரிணாமத்தில் இப்படிச் சில தற்செயல்கள் உண்டு.

நடுவில் ஆணி டயர் என்று ஒன்றும் வந்தது. 1960-களில் பின்லாந்தில் டயருக்குள் உலோக ஆணி பதித்தார்கள். பனிக்கட்டியில் அதற்கு இணை கிடையாது. ஆனால் பனி இல்லாத நாளில் அது சாலையைச் சுரண்டித் தூசியாக்கும். ஜப்பானில் செண்டாய் நகரம் அந்தத் தூசியில் இருமி இருமி, 1990-இல் ஆணி டயருக்கு எதிராகச் சட்டமே வந்தது. அதனால்தான் ஆணியில்லாப் பனி டயரில் ஜப்பானியர்கள் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். ஒஸ்லோவில் இருக்கும் ஈழத் தமிழர்களுக்கு ‘பிக்டெக்’ என்ற நோர்வேச் சொல் நன்றாகத் தெரியும். ஆணி டயரோடு நகரத்துக்குள் ஓட்ட அங்கே தனியாகக் காசு கட்ட வேண்டும்.

இனி சித்தி மகனுக்குச் சொன்னது. பிரான்ஸில் 2021 நவம்பரிலிருந்து, மலைப்பகுதி மாவட்டங்களில் நிர்வாகம் குறித்த ஊர்களில், நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை பனிக்கால டயரோ சங்கிலியோ கட்டாயம். டயரில் ‘எம்+எஸ்’ என்று எழுதியிருந்தால் போதும் என்று முதலில் விட்டார்கள். அது சேறு, பனி என்பதன் சுருக்கம். கம்பெனி தானாகப் போட்டுக்கொள்ளும் எழுத்து, எந்தச் சோதனையும் கிடையாது. 2024 நவம்பரிலிருந்து அது செல்லாது. மூன்று சிகர மலைக்குள் ஒரு பனித்துகள் என்ற படம் இருக்க வேண்டும்; அதற்குத்தான் பனியில் ஓட்டிப் பார்த்த சோதனை உண்டு. அவன் காரில் இருந்தது வெறும் எழுத்து.

“முன்னாடி ரெண்டு மட்டும் மாத்திக்கவா அண்ணா? இழுக்கிறது முன்சக்கரம்தானே?” என்றான். கூடவே கூடாது. முன்பக்கம் பிடித்து, பின்பக்கம் பிடிக்காத காரில் பிரேக் அடித்தால் பின்பக்கம் முன்னால் வந்துவிடும். நான்கும் ஒரே ரகமாக இருக்க வேண்டும். அகலமான டயர் பார்க்க அழகு. பனியில் கொஞ்சம் ஒடுக்கமானது நல்லது, கீழே அழுத்தி இறங்கும். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் ஆழம் போதும், ஆனால் 4-க்குக் கீழே போனால் பனியில் அது வெறும் டயர். பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் வயதைச் சொல்லும்: 3523 என்றால் 2023-இன் 35-ஆவது வாரம். பழைய ரப்பர் ஆழம் இருந்தும் இறுகிப் போயிருக்கும். செகண்ட் ஹேண்டில் ஏமாற்றுவது இங்கேதான். 5, 6 டிகிரி குளிர்ந்தால் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ இறங்கும், மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். ஏப்ரலில் கழற்றிவிட வேண்டும். மெத்தென்ற ரப்பர் கோடைத் தாரில் அழிப்பான் மாதிரி கரையும்.

கனடாத் தமிழர்களுக்கு இதெல்லாம் பாலபாடம். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, போட்டால் காப்புறுதியில் கழிவு உண்டு. அங்கே அக்டோபர் கடைசியில் இரண்டு தமிழர் சந்தித்தால் “வின்டர் டயர் போட்டாச்சோ?” என்பது சுகம் விசாரிப்பதற்குச் சமம். புதுச்சேரியிலிருந்து பிரான்ஸ் போனவர்களிடம் அந்தப் பழக்கம் அவ்வளவாகப் பார்த்ததில்லை. 1962-இல் இணைப்பு சட்டப்படி முடிந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்கள் சுமார் ஐயாயிரம் பேர். அவர்கள் வழி வந்தவர்களும் சொல்தாக்களின் குடும்பங்களும் பெரும்பாலும் பாரிஸ் புறநகர்களில். ரயிலும் மெட்ரோவும் உண்டு, பனியும் அபூர்வம். வேலை தேடி லியோன், கிரெனோபிள் என்று மலைப்பக்கம் நகர்கிற இந்தத் தலைமுறைக்குத்தான் இது புதிதாகக் கேட்கிறது.

சித்ரோயனும் மிஷ்லேனும் இன்று எங்கே இருக்கிறார்கள் தெரியுமா? இரண்டுமே நம் திருவள்ளூர் மாவட்டத்தில். சித்ரோயன் கார்கள் அங்கே தயாராகின்றன. மிஷ்லேன் ஆலை கும்மிடிப்பூண்டிப் பக்கம் தேர்வாய் கண்டிகையில், லாரி, பஸ் ரேடியல் டயர்களோடு தொடங்கியது. அந்த சிப்காட் பூங்காவுக்காக எடுக்கப்பட்ட ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட இடம் ஊர் மக்களின், பெரும்பாலும் தலித் மக்களின், மேய்ச்சல் காடாக இருந்தது. அவர்கள் போராடினார்கள். 2012-இல் புகார் பாரிஸ் வரை போனது; பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓஇசிடி விதிகளைப் பார்க்கும் பிரெஞ்சு மையத்தின் முன் பிரான்ஸின் தொழிற்சங்கமான சிஜிடியும் சேர்ந்து புகார் கொடுத்தது. நிறுவனம் விதியை மீறவில்லை என்று சொல்லி, சில பரிந்துரைகளோடு மையம் முடித்துவைத்தது. ஆலை ஓடுகிறது. ஆலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை, என் பிழைப்பே பன்னாட்டு நிறுவனத்தில்தான். ஆனால் டயருக்கும் தமிழனுக்கும் உள்ள கணக்கில் இந்தக் காட்டையும் ஒரு வரியாக எழுதிவைக்க வேண்டும்.

பால்மரம் நம்மிடமே உண்டு, கன்னியாகுமரி மலையடிவாரத்தில். அங்கே அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை கொடுக்க உதவியவை. தேயிலைக் கொழுந்து கிள்ளப் போன பரம்பரை, பால் வெட்டத் திரும்பி வந்தது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போகிறார்கள். மழை பெய்தால் அன்றைக்கு வெட்டு இல்லை.